இரண்டு சாண் செம்மண்

"பன்னெண்டு" என்றாள் புழுக்காரி.

மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த டாக்டரம்மா அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நேரம் சொல்வது புழுக்காரியின் வேலைகளில் ஒன்று. மற்ற வேலையெல்லாம் கீழ்த்தளத்தில், வெயில் எட்டாத கடைசி அறையில். அங்கே பதினெட்டு மரத்தொட்டி மண்புழுவுக்குத் தீனி போட வேண்டும், ஈரம் பார்க்க வேண்டும், குஞ்சுகளைப் பிரித்து வைக்க வேண்டும், செத்ததைப் பொறுக்க வேண்டும். ஒன்பது வருஷம் அதையே செய்ததில் அப்பன் வைத்த பேர் போய் அந்தக் கட்டிடம் முழுக்க அவள் புழுக்காரி ஆகிவிட்டாள். அவளும் அதற்குக் கோபப்படுவதில்லை. கொத்தனார் பெண்டாட்டி என்று கூப்பிடுவதைவிட இது மேல், இது தான் சம்பாதித்த பேர் என்பாள்.

"பதினாலு."

டாக்டரம்மா தலையைத் தூக்கிக் கண்ணாடியைக் கழற்றினாள். "ஒழுகிடுச்சு. இதுவும் ஒழுகிடுச்சு."

அவள் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, மண்ணுக்குப் படித்த டாக்டர். புழுவின் உடம்பிலிருந்து ஊசி நுனியால் ஒரு சொட்டு நீர் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, அதன் மேல் சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விடுவாள். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத செல்கள் கிடக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்னப் பைகள். நல்ல மண்ணில் வளர்ந்த புழு என்றால் அந்தப் பைகள் சாயத்தை வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஒரு மணி நேரம் ஆனாலும் விடாது. ஈயமோ செம்போ ஏறிய மண்ணில் கிடந்த புழு என்றால் பைகள் நைந்து போயிருக்கும். கொஞ்ச நேரத்திலேயே சாயம் கசிந்து செல் முழுக்கச் சிவந்துவிடும். பாதிக்கு மேல் செல்கள் சிவந்த நிமிடத்தை நோட்டில் எழுதுவார்கள். மண்ணில் எவ்வளவு ஈயம் இருக்கிறதென்று மெஷின் சொல்லிவிடும், அது உயிருக்குள் ஏறுகிறதா என்று புழுதான் சொல்லும் என்பது டாக்டரம்மா அடிக்கடி சொல்வது. அதைக் கேட்கும்போதெல்லாம் புழுக்காரிக்குத் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் பாராட்டுவது போல இருக்கும்.

இந்தத் தடவை வந்திருந்தது மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையைச் சுற்றி எடுத்த மண். ஆறு இடத்து மண், ஆறு தொட்டி. ஒத்துப் பார்ப்பதற்காக ஏழாவதாக ஒன்று, சுத்தமான மண்ணும் சுத்தமான புழுவும். அதற்கு நல்ல தொட்டி என்று பேர். ஆறும் ஒழுகும் என்று எதிர்பார்த்ததுதான். ஒழுகக் கூடாத நல்ல தொட்டியும் பதினாலு நிமிடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"சாயம் பழசா?" என்று டாக்டரம்மா தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். புதுப் புட்டி உடைத்தாள். அறையைக் குளிர வைத்தாள். வேறு ஐந்து புழு எடுத்தாள். பதினாறு, பன்னிரண்டு, பதினாலு.

வாசலில் உட்கார்ந்து மண் சலித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பேர் சல்லடை. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் கையில் வேறு சாமானை யாரும் பார்த்ததில்லை.

"என்ன புழுக்காரி, உன் பிள்ளைங்களுக்கு வயித்தால போகுதா?"

"உன் வேலையப் பாரு."

"நான் என் வேலையத்தான் பாக்கறேன். சலிச்சுச் சலிச்சு என் மூக்குக்குள்ள ஒரு தோட்டமே போடலாம்."

அவள் சிரிக்கவில்லை. நேரம் சொல்லும்போதே அவளுக்கு ஒன்று தெரியும். நல்ல தொட்டியில் இருந்தவை இங்கே வளர்ந்த புழுக்களே இல்லை.

இரண்டு மாதம் முன்பு மகளுக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் லீவு போட்டாள். போகிற அவசரத்தில், ஆறாத சாணியை அள்ளிப் போட்டு மூடியை அழுத்தி மூடிவிட்டாள். பச்சைச் சாணி சூடு கிளப்பும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஐந்தாம் நாள் வந்து மூடியைத் திறந்தால் நாற்றம் முகத்தில் அடித்தது. முந்நூறு புழுவும் வெந்து கூழாகிக் கிடந்தன. யாரும் வருவதற்குள் தொட்டியைக் கழுவிக் காய வைத்தாள். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு வாளிப் புழு கொண்டு வந்து போட்டாள். அதைத் திருட்டு என்று அவள் நினைக்கவில்லை. சில வருஷம் முன்பு டாக்டரம்மாவே ஒரு கை அள்ளிக் கொடுத்து, "கொண்டு போய்த் தோட்டத்துல விடு, உரம் பண்ணும்" என்று சொன்ன புழுவின் பிள்ளைகள் அவை. நம் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தது போலத்தானே. வம்சம் ஒன்று, நிறம் ஒன்று. யாருக்குத் தெரியப் போகிறது?

*

அவள் வீடு சரிவின் அடியில் இருந்தது. அப்பா செத்த பிறகு நிலத்தை இரண்டாகப் பிரித்தபோது மேட்டுப் பாதி அண்ணனுக்கும் பள்ளத்துப் பாதி அவளுக்கும் வந்தது. பள்ளம் என்றால் பள்ளம்தான், மழை பெய்தால் தவளை குடித்தனம் நடத்தும். அவள் முகம் தொங்கிப் போனதைப் பார்த்து அண்ணன் சொன்னான், "எதுக்கு பாப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறே? பள்ளம்தானே, நான் மேடாக்கித் தர்றேன்."

சொன்னபடி செய்தான். அவன் லாரி டிரைவர். பத்து நாளில் முப்பது லோடு கொண்டு வந்து கொட்டினான், மேலே செம்மண் பரப்பினான், ரோலர் விட்டு மட்டம் பண்ணினான். ஒரு கைம்மாறு கேட்கவில்லை. அந்த மண்ணின் மேல் கொத்தனார் தன் கையாலேயே இரண்டு அறை எழுப்பினார். வீட்டின் பின்னால் அவள் தோட்டம் போட்டாள். கீரை நாலு பாத்தி, கிழங்கு இரண்டு பாத்தி, பந்தலில் கொடி. ஏழு வருஷமாக வேலை செய்யும் இடத்திலும் குழாயடியிலும் அவள் வாய் ஓயாமல் சொன்ன கதை ஒன்றுதான். கூடப் பிறந்தவன் என்றால் என் அண்ணனைப் போல இருக்க வேண்டும்.

தோட்டம் போட்ட இரண்டாம் வருஷம் சிட்டு பிறந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துக் கிடைத்த ஒரே பிள்ளை. பால் மறந்து முதல் வாய் சாப்பிட்டதே அந்தத் தோட்டத்துக் கீரைதான். இப்போது ஐந்து வயது. வாயில் பத்து வார்த்தைதான் வரும். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள் என்று டீச்சர் இரண்டு தடவை ஆள் விட்டாயிற்று. எந்நேரமும் பாத்தியில் கிடப்பாள். ஒரு விரலால் மண்ணைத் தொட்டு நாக்கில் வைப்பாள்.

"மண்ணு தின்னாத பிள்ளை எது? நான்கூடத்தான் தின்னேன்" என்பார் கொத்தனார்.

"அதான் பேச்சு வரதுக்கு முப்பது வருஷம் ஆச்சோ?"

"நீ வந்து சேந்ததுக்கு அப்புறம் பேச இடம் எங்க இருந்துச்சு?"

மூன்று வருஷம் முன்பு, உரத்துக்குப் புழுக்குழி வெட்டலாம் என்று அவள் தோட்டத்து மூலையில் முழங்கால் ஆழம் தோண்டினாள். இரண்டு சாணுக்குக் கீழே மண் கறுப்பாக வந்தது, பொடிப் பொடியாக, கனமாக. ஏதோ குளத்து வண்டல் என்று நினைத்துக்கொண்டாள். நடுநடுவே கறுப்புப் பிளாஸ்டிக் சில்லுகள் வந்தன. பொறுக்கி வேலி ஓரம் எறிந்துவிட்டு, கறுப்பு மண்ணைக் கூடை கூடையாக அள்ளிக் கீரைப் பாத்திகளில் பரப்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த அண்ணனிடம் சந்தோஷமாகச் சொன்னாள், "செம்மண்ணுக்கு அடியில நல்ல கறுப்பு மண்ணாப் போட்டிருக்கே அண்ணே. நானும் எடுத்துப் பாத்திக்கெல்லாம் போட்டுட்டேன்."

அண்ணன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். குடித்து முடித்து, "ம்" என்றான்.

ஞாயிறு தவறாமல் வருவான். சிட்டுவுக்கு பன் வாங்கி வருவான். தங்கச்சி கையால் சாப்பிட்டால்தான் வாரம் முடிந்த மாதிரி இருக்கிறது என்பான். நல்ல தொட்டி ஒழுகிய அந்த வாரமும் வந்தான். தட்டில் கீரை வைக்கப் போனாள். வழக்கம் போலக் கையைக் குறுக்கே வைத்தான்.

"வேணாம் பாப்பா. கீரை எனக்கு ஒத்துக்காது, வயித்தப் பிடிச்சுக்கும்."

"மச்சானுக்கு டீசல்தான் ஒத்துக்கும்" என்றார் கொத்தனார்.

"உங்களுக்கு சிமெண்டு ஒத்துக்கற மாதிரியா மாப்ள?"

சாப்பிட்டு எழுந்து, வாசல் குழாயில் காலையும் செருப்பையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அதுவும் வழக்கம்தான். "மச்சான் கால் கழுவற அழகப் பாத்தா, நேராப் பொண்ணு பாக்கப் போறாரு போல" என்று கொத்தனார் சொல்ல, சிட்டு எதற்கென்று தெரியாமல் சிரித்தாள்.

*

திங்கட்கிழமை அவள் போனபோது சல்லடை சலிக்காமல் உட்கார்ந்திருந்தார். கையில் சல்லடை இல்லாமல் அவரைப் பார்க்க வேறு யாரோ போல இருந்தது.

"என்னா, மேல வேலைக்கு எடுத்துட்டாங்களா உன்னை?"

"வெளியில எடுத்துட்டாங்க" என்றார். "தொழிற்சாலை மண்ணு சலிச்ச சல்லடையக் கழுவாம நல்ல மண்ணச் சலிச்சுட்டேனாம். அதான் நல்ல தொட்டியும் கெட்டுப் போச்சாம். மாசக் கடைசியோட நின்னுக்கச் சொல்லி மேல இருந்து கடுதாசி. நான் கழுவினேன் புழுக்காரி. என் பல்லத் தேக்க மறந்திருப்பேன், சல்லடையக் கழுவ மறந்ததில்ல."

"டாக்டரம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். வேற எப்படி ஒழுகும், நீயே சொல்லுன்னு கேக்கறாங்க. எனக்கு என்ன தெரியும்? நான் என்ன புழுவுக்குள்ள குடியிருக்கேனா?"

அவள் கீழே போய்த் தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்தாள். தெளித்த தொட்டிக்கே இரண்டாம் தடவை தெளித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

"அம்மா. சல்லடை மேல தப்பு இல்ல."

"அவருக்காகப் பேச வந்தியா?"

"எனக்காகத்தான் பேச வந்தேன். நல்ல தொட்டிப் புழு, இங்க உள்ள புழு இல்ல. அதெல்லாம் என் கையால செத்துப் போச்சு. நான் வீட்டுல இருந்து கொண்டாந்து போட்டேன்."

டாக்டரம்மா பேனாவை மூடினாள். "எப்போ?"

"நீங்க ஏழு தொட்டியையும் ஆரம்பிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி."

"ரெண்டு மாச வேலை" என்றாள் டாக்டரம்மா. குரல் உயரவில்லை. "சாயத்தை மாத்தினேன், மண்ணை மாத்தினேன், ஒரு மனுஷனுக்கு வேலையப் பறிச்சுக் கடுதாசி எழுத வெச்சேன். நீ பக்கத்துல நின்னு நேரம் சொல்லிட்டிருந்தே. செத்துப் போச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உன்னை என்ன பண்ணியிருப்பேன்?"

"திட்டியிருப்பீங்க."

"திட்டியிருப்பேன். அவ்வளவுதானே? ஒன்பது வருஷத்துல ஒரு தடவை உன்னைச் சந்தேகப்பட்டிருக்கேனா?"

தரையில் சாயம் சிந்திய ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழித்து எழுதுவதற்காக நோட்டைத் திறந்த டாக்டரம்மாவின் கை, பாதியில் நின்றது.

"இரு. என் மண்ணுல தப்பில்ல, சாயத்துல தப்பில்ல, சல்லடையில தப்பில்ல. அப்போ புழு வரும்போதே ஒழுகற புழுவா வந்திருக்கு." அவள் முதல் தடவையாக நிமிர்ந்து புழுக்காரியின் முகத்தைப் பார்த்தாள். "அது எங்க வளந்துச்சு?"

"எங்க தோட்டத்துல. குழியில."

"அந்தத் தோட்டத்துல வேற என்ன வளருது?"

"கீரை. கிழங்கு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள், "எம் பொண்ணு."

டாக்டரம்மா எழுந்து மண் எடுக்கிற கம்பியைத் தேடினாள்.

*

தோட்டத்தில் கம்பி தேவைப்படவில்லை. கொத்தனார் கடப்பாரையால் நாலு குத்துக் குத்தி, மண்வெட்டியால் வழித்தார். இரண்டு சாண் செம்மண். அதற்குக் கீழே அடுப்புச் சாம்பலை நனைத்து அமுக்கியது போலக் கறுப்பு. கொத்தனார் ஒரு கை அள்ளி நிறுத்துப் பார்ப்பது போல ஏந்தினார்.

"மண்ணு இவ்வளவு கனக்காதே" என்றார். முப்பது வருஷம் மண்ணும் மணலும் சுமந்த கை அது. "ஏன் புள்ள, நாம இதுக்கு மேலயா வீடு கட்டினோம்?"

டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு வேலி ஓரத்துச் சில்லுகளைப் புரட்டினாள். ஒன்றைத் துடைத்துக் காட்டினாள். கறுப்புப் பெட்டியின் மூலை, மேலே கூட்டல் குறி.

"பேட்டரி ஓடு" என்றாள். "பழைய பேட்டரிய உடைச்சு ஈயம் உருக்கினா மிஞ்சற கசடு இது. இதை எங்கயும் கொட்டக் கூடாது. இங்க எப்படி வந்துச்சு?"

கொத்தனார் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பள்ளத்தை நிரப்பிய வருஷம் அண்ணன் யாரிடம் லாரி ஓட்டினான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே இருந்த ஈயப் பட்டறையில். பிறகு அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள்.

வெட்டிய கறுப்புக் கட்டி ஒன்றிலிருந்து ஒரு புழு தலையை நீட்டி, எந்தப் பக்கம் போவது என்று தேடியது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் புழுவைப் பார்க்க முடியவில்லை.

சிட்டுவுக்கு ரத்தம் எடுத்தார்கள். குழந்தை அழவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் காகிதத்தை வைத்துக்கொண்டு பேசினார். ரத்தத்தில் ஈயம் இருக்கவே கூடாது, இந்தப் பிள்ளைக்கு நிறைய இருக்கிறது. மருந்து கொடுக்கலாம், ரத்தத்தில் உள்ளது இறங்கும். முதலில் அந்த மண்ணிலிருந்து பிள்ளையைத் தூக்குங்கள்.

"பேச்சு வந்துடுமா டாக்டர்?"

"வரும். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது. போனது எல்லாம் திரும்பும்னு நான் சொன்னா, அது பொய்."

வெளியே வந்து மரப்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கொத்தனார் தன் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மனதில் கூடைகள் ஓடின. கறுப்பு மண்ணைக் கூடை கூடையாக அள்ளிப் பாத்தியில் பரப்பியது அவள் கைதான். நல்லது என்று நினைத்துப் பரப்பினாள். அப்போது சிட்டுவுக்கு இரண்டு வயது, பின்னாலேயே நடந்து வந்து ஒவ்வொரு கூடைக்கும் கை தட்டினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பன்னோடு வந்தான். வீட்டில் சாமான்கள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. மறுநாள் ஒரு வாடகை அறைக்குப் போகிறார்கள். சல்லடை பார்த்துக் கொடுத்த இடம். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்திருந்தது. "ஒத்த அறைதான், ஆனா தரை சிமெண்டு, சலிக்கறதுக்கு அங்க ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருந்தார்.

"என்ன பாப்பா, வெள்ளை அடிக்கப் போறீங்களா?"

"உக்காரு அண்ணே. சாப்பிடு."

சோறு வைத்தாள். கடைசியாகப் பறித்த கீரை ஒரு கிண்ணத்தில் இருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அண்ணன் கை குறுக்கே வந்தது.

"அதான் ஒத்துக்காதுன்னு தெரியுமே உனக்கு."

"தெரியும். எந்த வருஷத்துல இருந்து ஒத்துக்கல?"

"என்ன கேள்வி இது?"

"சின்ன வயசுல அம்மா கீரைச் சட்டிய வழிக்க விடும்போது நீயும் நானும் அடிச்சுப்போம். உன் நகம் பட்ட தழும்பு என் மணிக்கட்டுல இன்னும் இருக்கு. உன் கல்யாணத்துக்கு அப்புறம்கூட அண்ணி சமைச்ச கீரையத் தின்னே. எந்த வருஷத்துல இருந்து ஒத்துக்கல?"

கொத்தனார் மூட்டைக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். அண்ணன் அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். "என்ன மாப்ள, தங்கச்சி இன்னிக்கு வக்கீல் மாதிரி பேசுது?"

கொத்தனார் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர்.

அவள் சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான். அண்ணன் சோற்றைப் பிசைந்தான், வாய்க்குக் கொண்டு போகவில்லை. இரண்டு நிமிடம் போனது. நாலு. சிட்டு பன்னை வாங்கிக்கொண்டு மாமன் தொடையில் சாய்ந்தாள். அவன் கை தானாக அவள் தலையைத் தடவியது. ஆறு.

"முதலாளி கொண்டு போய் எங்கயாவது கொட்டுன்னாரு" என்றான் அண்ணன். "எங்கயும் கொட்ட விடல, போற இடமெல்லாம் ஊர்க்காரங்க விரட்டறாங்க. வேலையும் போயிடும். உன் பள்ளமும் நிரம்பணும். மேல ரெண்டு சாண் செம்மண்ணு போட்டா கீழ இருக்கறது கீழயே கெடக்கும்னு சொன்னாங்க பாப்பா. நான் மூணு சாணாப் போடலாம்னுதான் பாத்தேன்."

"அது என்னன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அவ்வளவா ஒண்ணும்..."

"பட்டறையில இருந்து வந்தா அண்ணி உன்னை வாசல்லயே குளிக்க வெப்பாங்க. அந்தச் சட்டையோட உன் பிள்ளைங்களத் தூக்க விட மாட்டாங்க. பட்டறையில ஆளுங்க வயித்தப் பிடிச்சுக்கிட்டு விழறாங்கன்னு நீதான் இங்க உக்காந்து கதை சொன்னே."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதை விடு" என்றாள். "கொட்டிட்டே. வேலை போயிடும்னு கொட்டிட்டே. மூணு வருஷம் முன்னாடி நான் இதே இடத்துல உக்காந்து, கறுப்பு மண்ணு எடுத்துக் கீரைக்குப் போட்டிருக்கேன் அண்ணேன்னு சொன்னேனே. நீ தண்ணி குடிச்சிட்டு 'ம்'ன்னே. வேணாம் பாப்பான்னு ஒரு வார்த்தை. காரணம்கூடச் சொல்ல வேணாம். அது ஆகாத மண்ணு, தூக்கிப் போட்டுடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன்னு கேட்டிருக்க மாட்டேன். நீ சொல்லி நான் எதை ஏன்னு கேட்டிருக்கேன்?"

"சொல்லணும்னுதான் வருவேன்" என்றான் அண்ணன். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். வந்தா, நீ சோறு போட்டுட்டு ஊரெல்லாம் என்னைப் பத்திப் பேசினதச் சொல்லுவே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவளுக்கு டாக்டரம்மாவின் அறையும் தரையில் கிடந்த சிவப்பு வட்டமும் ஞாபகம் வந்தன. சொல்ல முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால் மனம் இளகவில்லை, இன்னும் கெட்டியானது. நான் மாடி ஏறினேனே, என்று நினைத்தாள். யாரோ ஒரு சல்லடைக்காக நான் ஏறினேன்.

"நீ தின்னல" என்றாள். "ஏழு வருஷம் நீ ஒரு வாய் தின்னல. அவ தின்னா. உன் எதிர்ல உக்காந்து தின்னா. நீ ஊட்டிக்கூட விட்டிருக்கே."

"பாப்பா..."

அவள் எழுந்து சிட்டுவை அவன் மடியிலிருந்து தூக்கினாள். கீரைக் கிண்ணத்தை எடுத்து, கவனமாக, ஒரு இலை சிந்தாமல், கழிவுப் பையில் கொட்டினாள். அதில் ஏற்கனவே நாலு பாத்திக் கீரையும் வேரோடு பிடுங்கிக் கிடந்தது. டாக்டரம்மா எடுத்துப் போக வருவாள். குழியிலிருந்து எடுத்த புழுக்கள் ஒரு டப்பாவில் பக்கத்தில் இருந்தன. டப்பா மேல் இந்தத் தடவை அவள் சரியான இடத்தைச் சொல்லித்தான் சீட்டு ஒட்டியிருந்தாள். கசடு கொட்டினதைப் பத்தி அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுக்கிறேன், நீ கையெழுத்துப் போடணும், உன் அண்ணன் பேர் அதுல வரும் என்று டாக்டரம்மா கேட்டிருந்தாள். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடறேன் அண்ணே" என்றாள். "உன் பேரு வரும். சொல்லாமப் போட்டேன்னு இருக்க வேணாம், அதான் சொல்றேன்."

அண்ணன் எழுந்தான். சோறு பிசைந்த கை காய்ந்திருந்தது. ஏதோ சொல்லக் கொத்தனார் பக்கம் திரும்பினான். கொத்தனார் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா" என்றாள் சிட்டு. அவளுக்கு வரும் பத்து வார்த்தைகளில் அது ஒன்று. அவன் படி இறங்கினான்.

இறங்கியதும் கால்கள் பழக்கத்தில் குழாய்ப் பக்கம் போயின. குனிந்து குழாயில் கை வைத்தான். தண்ணீர் வந்தது. ஒரு காலைச் செருப்போடு தூக்கி நீட்டியவன், என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தான். வாசலில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, நீட்டிய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குழாயை மூடினான். காலைக் கீழே வைத்தான். அந்த மண் ஒட்டிய செருப்போடு, சரிவில் ஏறி, மேட்டிலிருந்த தன் வீட்டுக்கு நடந்தான்.